சாவு வீட்டுப் பசி

தோழர்களே, திடீர்ச் சாவு என்றால் நம் சினிமாவில் இடி இடிக்கும், வயலின் அழும். நாம் பார்த்த சாவு வீடுகளில் முதலில் வருவது மரத்துப்போன மௌனம்தான்.

காஞ்சிபுரத்தில் நின்று பேசுவதால் 'காஞ்சிவரம்' (2008) படத்தைச் சொல்ல வேண்டும். தன் கையால் நஞ்சூட்டிய மகளைப் பட்டால் மூடுகிறார் பிரகாஷ்ராஜ். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. திரும்பத் திரும்ப இழுக்கிறார். தறிக்கார வீடுகளுக்கு அந்தக் கைகளைத் தெரியும்.

மாரி செல்வராஜின் 'வாழை' (2024) இன்னும் துணிந்தது. லாரி கவிழ்ந்து அக்காள் பிணமாகக் கிடக்க, பசி தாங்காத தம்பி சோற்றில் கைவைக்கிறான். பெற்றவளே விரட்டுகிறாள். கூலிக்காரர் வீட்டுச் சாவில் பசியும் இருக்கும் என்பதைக் காட்ட, அங்கிருந்தே ஒருவர் வர வேண்டியிருந்தது.

மூன்றாம் நாளே வேலைக்குக் கிளம்பும் தாயை மட்டும் நாம் இன்னும் திரையில் பார்க்கவில்லை.