சறுக்குவதற்கு முன் சில கணக்குகள்

(நமது பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில், கல்லூரிக் கலையரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வேலைவாய்ப்பு, வெளிநாடுன்னு எல்லாரும் பேசிட்டாங்க. நீ வேற ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் பனியைப் பற்றிப் பேசப் போகிறேன். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கப் போட்டி போடுகிற ஊரில் இது உபயோகமா என்று கேட்காதீர்கள். ஐ.வி. என்று வீட்டில் சொல்லிவிட்டு மணாலிக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்!

2024 பிப்ரவரியில் நாங்கள் மூன்று பெரியவர்கள், நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் பழகப் போனோம். பெரியவர்கள் என்றால் நான், என் மனைவி, என்னோடு இயந்திரவியல் படித்த நண்பன். பிள்ளைகளுக்கு வயது 13 முதல் 17 வரை. இரண்டு பேர் என் அக்கா பிள்ளைகள், இரண்டு பேர் நண்பனின் அண்ணன் பிள்ளைகள். நான்கு பேருமே அடுத்தவர் பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள். நம் கால் ஒடிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கலாம். அக்கா மகள் கால் ஒடிந்தால் அந்த வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது?

அக்காவின் மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பையன் வேணா போகட்டும். பொம்பளப் பிள்ளைய அனுப்ப முடியாது. கை கால் போச்சுன்னா யார் பொறுப்பு?" அவர் கேட்டதில் பாதி பழைய வழக்கம், அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபாதி நியாயமான கேள்வி. யார் பொறுப்பு? அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று ஒரு முழுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இன்று உங்களுக்கு விரித்துச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, எப்போது போவது? நம் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. ஆனால் காஷ்மீரில் 'சில்லைக் கலான்' எனப்படும் கடுங்குளிரின் 40 நாட்கள் தொடங்குவதே டிசம்பர் 21-இல்தான். ஜனவரி 30 வரை அது நீடிக்கும். சறுக்குவதற்கு வேண்டிய கனத்தில் பனி சேர்ந்திருக்க ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் நம்பகமான காலம். அப்போது பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிவிடும். ஆகவே அந்த இரண்டு வகுப்பிலும் இல்லாத வருஷமாகப் பார்த்து, பள்ளியில் முறையாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழி.

அதிலும் இயற்கை நம் கைக்குள் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் பொட்டல் காடாகக் கிடந்தது. படங்கள் செய்தித்தாளில் வர, சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். "பணத்தைப் போட்டு மண்ணப் பாக்கவா போறீங்க?" நாங்கள் பதறவில்லை. தங்குமிடம், பயிற்சி இரண்டையும் குறித்த தேதிக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பும்படிதான் பேசியிருந்தோம். ஜனவரி கடைசியில் பனி கொட்டியது, போனோம். 2025-இலும் இதே கதைதான். பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆகவே பணம் திரும்பாத முன்பதிவு வேண்டாம்.

இரண்டாவது, இடம். நம் நாட்டில் ஆரம்பப் பயிற்சிக்குப் பேர்போனவை குல்மார்க், உத்தராகண்டின் ஔலி, மணாலிக்கு அருகே சோலாங். ஔலிக்கு ஜோஷிமத் வழியாகப் போகவேண்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டதும், ஔலிக்குப் போகும் ரோப்வே நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். குல்மார்க்கில் 1968 முதல் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ரோப்வே நிலையத்துக்குப் பக்கத்திலேயே புதியவர்களுக்கு ஏற்ற இளஞ்சரிவும் இருக்கிறது. அதனால் குல்மார்க்கைத் தேர்ந்தெடுத்தோம்.

அதே சமயம் ஒன்றை மறைக்கக்கூடாது. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் கொஞ்ச காலம் மூடப்பட்டன. இனிப் போகிறவர்கள் அரசு அறிவிப்பைப் பார்த்து, பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பது பதில் ஆகாது. மனம் ஒப்பவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

மூன்றாவது, உயரம். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். 2,500-ஐத் தாண்டினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரலாம். முதல் இரவை ஸ்ரீநகரிலும், மறுநாளைக் குல்மார்க்கில் ஓய்வாகவும் கழித்தோம். மூன்றாம் நாள் முதல் நான்கு நாள் பயிற்சி. கடைசியில் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டோம், பனியில் விமானம் ரத்தானால் பதற வேண்டாமல்லவா? 2025 ஜூன் முதல் காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுகிறது. ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் சேனாப் பாலத்தைப் பார்ப்பதற்காகவே சிவில் தம்பிகள் ரயிலில் போகலாம். இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்வதில்லை. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும்.

நான்காவது, உடை. நம் ஊர் பருத்தி பனியனுக்குப் பெயரில்தான் பனி இருக்கிறது, பனிக்கு அது ஆகாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைச் சில்லிட வைத்துவிடும். ஜீன்ஸும் அப்படித்தான். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் வெதுவெதுப்பு தரும் ஒன்று, வெளியே தண்ணீர் புகாத உடை என்று மூன்று அடுக்கு வேண்டும். கையுறை இரண்டு ஜோடி. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதனால் பனிக் கண்ணாடியும், முகத்துக்குச் சன்ஸ்கிரீனும் கட்டாயம். ஹெல்மெட் போடாத பிள்ளை சரிவுக்கு வரக்கூடாது என்பது எங்கள் சட்டம். பெண் பிள்ளைகளுக்கு வேண்டியவற்றை அக்காவும் என் மனைவியும் தனிப்பட்டியல் போட்டு எடுத்து வைத்தார்கள். ஆண்கள் மட்டும் திட்டம் போட்டால் இதெல்லாம் விட்டுப்போகும்.

ஐந்தாவது, உடம்பு. ஆறு வாரத்துக்கு முன்பே நான்கு பேருக்கும் மாடிப்படி ஏறி இறங்குவதும் தினம் 50 தோப்புக்கரணமும் விதித்தோம். பிள்ளையாருக்குப் போட்டாலும் சரி, பனிக்குப் போட்டாலும் சரி, தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இனி நமது பாடத்துக்கு வருவோம். முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸில் சாய்தளத்தில் ஒரு கட்டையை வைத்து எல்லோரையும் அழவைப்பார்களே, அதே கணக்குதான். மெழுகு பூசிய ஸ்கீக்கும் பனிக்கும் இடையே உராய்வுக் கெழு 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 3 டிகிரி சாய்விலேயே கட்டை நகர ஆரம்பித்துவிடும். உராய்வை விட்டுவிட்டு 5 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கணக்குப் போட்டால் வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். பிரேக் இல்லாத சைக்கிளில் மேம்பாலம் இறங்குவது மாதிரி! ஆகவே முதலில் கற்கவேண்டியது நிற்பதற்கு. ஸ்கீக்களின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து ஆப்பு வடிவில் வைத்தால் உள்விளிம்பு பனியைக் கடித்து வேகம் குறையும். அதற்கும் முன்னால், பக்கவாட்டில் உட்கார்ந்தாற்போல் விழவும் எழவும் பழகவேண்டும். விழும்போது கையிலுள்ள கம்பை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே விழுந்தால் கட்டைவிரல் மூட்டு நார் கிழியும்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் இருக்கிறதே, அது நம் வீட்டு ஃபியூஸ் மாதிரி. காலில் அளவுக்கு மீறி முறுக்கு விசை வந்தால் தானே கழன்றுகொள்ள வேண்டும். எடை, உயரம், வயது, திறமை, பூட் அடிப்பகுதியின் நீளம் இவற்றைக் கேட்டுத்தான் அதை முடுக்குவார்கள். வயசுப் பிள்ளைகள் இங்கேதான் பொய் சொல்வார்கள். ஒருத்தி எடையை ஐந்து கிலோ குறைப்பாள், கண்ட இடத்தில் கழன்றுவிடும். ஒருவன் "எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்பான், கழலவேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திரும்பிவிடும். எனவே எடையைக் குறைத்துச் சொல்லாதே, திறமையைக் கூட்டிச் சொல்லாதே என்று தாளில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

கற்றுத்தருவது பயிற்சியாளர் வேலை, மாமா வேலை இல்லை. நான்கு பேருக்கு ஒருவரை அமர்த்தி, காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளை முதல் நாளே சொல்லிக் கொடுத்தோம். அதில் முக்கியமானது, முன்னால் கீழே போகிறவருக்குத்தான் வழியுரிமை என்பது. பின்னால் வருபவர்தான் விலகவேண்டும்.

கூடவே பிள்ளைகளுக்கு ஓர் உரிமையும் கொடுத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் அரை நாள் "நான் வரல" என்று சொல்லலாம், யாரும் கேலி செய்யக்கூடாது. மூன்றாம் பயிற்சி நாள் அக்கா மகள் சொன்னாள். பூட் அழுத்திக் கணுக்காலுக்கு மேல் கன்றிப்போயிருந்தது, மனதில் பயமும் இருந்தது. "சரிம்மா" என்று சொன்னதோடு சரி. என் மனைவியோடு கஹ்வா குடித்துக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்த்தாள். மறுநாள் பூட்டை மாற்றிக்கொண்டு தானாகவே வந்து நின்றாள். வற்புறுத்தியிருந்தால் பயம்தான் மிஞ்சியிருக்கும்.

அவள் அண்ணன் வேறு ரகம். நான்காம் நாள் ஓரளவு திரும்பவும் நிற்கவும் வந்துவிட்டது. அங்கே ரோப்வே இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கொங்டூரி, சுமார் 3,080 மீட்டர். இரண்டாவது அஃபர்வாட், சுமார் 3,950 மீட்டர். "மாமா, மேல போய் ஸ்கீ போட்டுட்டு இறங்கிறலாம், ப்ளீஸ்" என்றான். பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மேலே கைதேர்ந்தவர்களே வழிகாட்டியோடு, பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு இறங்குகிற இடம். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கேதான் இரண்டு போலந்து நாட்டவர் பனிச்சரிவில் இறந்தார்கள். முடியாது என்றேன். அன்று இரவு அவன் என்னோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நாங்கள் ஊர் திரும்பியபின், பிப்ரவரி 22-ஆம் தேதி, குல்மார்க் மலைச்சரிவில் பனி சரிந்து ஒரு ரஷ்யர் உயிரிழந்தார். அந்தச் செய்தியை அவன் எனக்கு அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை.

தாளின் கடைசிப் பகுதி மருத்துவம். காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். சாகச விளையாட்டு என்று விலக்கிவைக்கும் பாலிசிகள் உண்டு. ஸ்ரீநகர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே பர்சுல்லாவில் எலும்பு மூட்டுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. அவசரம் என்றால் யார் பிள்ளையோடு போவது, யார் மற்றவர்களோடு நிற்பது, யார் ஊருக்குப் போன் செய்வது என்று மூவரின் பெயரும் போட்டு எழுதினோம். இதைப் படித்துவிட்டுத்தான் அக்காவின் மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "அப்ப அவளும் போகட்டும்" என்றார். அவரைச் சமாதானப்படுத்தியது என் பேச்சில்லை, 'பொறுப்பு' என்ற இடத்துக்கு நேரே எழுதியிருந்த பெயர்கள்.

தம்பி தங்கைகளே, பனி நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் ஆரிஃப் கான், குல்மார்க் பக்கத்துப் பிள்ளை. 2018-இல் துருக்கியில் வெண்கலம் வென்ற ஆஞ்சல் தாக்கூர் மணாலிப் பெண். அவர்கள் பனியில் பிறந்தவர்கள், சரி. பனியே பெய்யாத குடகிலிருந்து போன பவானி தெக்கடா கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் கர்நாடகத்துக்குத் தங்கம் வாங்கித் தந்திருக்கிறாரே!

எங்கள் தாளின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். போகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். தேதிகளையும் நிலவரத்தையும் மட்டும் நீங்கள் புதிதாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பு என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், தயவுசெய்து டிக்கெட் எடுக்காதீர்கள்.