எண்ணெயைத் தின்னும் உயிர்கள்

 

போன வாரம் நம் மையத்தில் 'கிணறு' பாடம் படித்தோம். பாடம் முடிந்ததும் பாட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"எதிரே லாரிப் பட்டறை இருக்கிறது. பழைய ஆயிலை வேலியோரம் ஊற்றுகிறார்கள். மறுநாள் பார்த்தால் காணோம். அது எங்கே போகிறது தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். "கேட்டுச் சொல்கிறேன் பாட்டி" என்றேன். பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியரைக் கேட்டேன். நூலகத்திலும் படித்தேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஆயில் எங்கும் போய்விடவில்லை. மண்ணுக்குள் இறங்கி இருக்கிறது. மழை பெய்தால் இன்னும் கீழே போகும். கொஞ்சம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் நிலத்தடி நீரில் சேரும். நம் கிணற்றில் ஊறுவதும் அந்த நீர்தான்.

கெட்டுப்போன மண்ணை வெட்டி வேறு எங்காவது கொட்டலாமே என்று நினைப்போம். எங்கே கொட்டுவது? நம் தெருத் தொல்லை அடுத்த தெருவுக்குப் போகும். அவ்வளவுதான். மண்ணை இருந்த இடத்தில் வைத்தே சுத்தம் செய்ய முடியுமா? ஓரளவு முடியும். அதைச் செய்வது மனிதர்கள் அல்ல. மண்ணில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள்.

ஒரு தேக்கரண்டி மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 100 கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. எருக்குழியில் போட்ட சாணமும் குப்பையும் எருவாவது இவற்றால்தான். இவற்றில் சில வகைகள் எண்ணெயையும் தின்னும்! எண்ணெய் அவற்றுக்கு உணவு. தின்று செரித்த பிறகு கரியமில வாயுவும் நீரும் மிஞ்சும்.

"அப்படியானால் அவையே தின்று தீர்க்கட்டுமே, நமக்கு என்ன கவலை?" என்று கேட்பீர்கள். வெறும் சோற்றை மட்டும் தின்று பிள்ளை வளருமா? பாக்டீரியாவுக்கும் அப்படித்தான். எண்ணெய் மட்டும் போதாது. காற்று வேண்டும். ஈரம் வேண்டும். பயிருக்குப் போடுகிறோமே, தழைச்சத்து, மணிச்சத்து, அவையும் வேண்டும். எண்ணெய் ஊறிய மண்ணில் இவை குறைவு. நிலத்துக்கு அடியில் காற்றும் குறைவு. அதனால் வேலை நடக்காமல் நின்றுவிடும்.

அமெரிக்காவில் ஆம்ப்ளர் என்று ஓர் ஊர். அங்கே குழாய் கசிந்து பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்தது. பம்பு வைத்து இறைத்தார்கள். ஓரளவுக்கு மேல் வரவில்லை. மீதி மண்ணோடு ஒட்டிக்கொண்டது. 1972-ல் ரிச்சர்ட் ரேமண்ட் என்ற அறிவியலாளரின் குழு ஒரு வேலை செய்தது. கிணறுகள் வழியாகக் காற்றையும் சத்துகளையும் நிலத்துக்குள் செலுத்தியது. புதிய பாக்டீரியாவை அவர்கள் கொண்டுவரவில்லை. அங்கே இருந்தவைதான் பெருகின. பெட்ரோலைத் தின்றன. 1974-ல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. டெல்லியில் உள்ள டெரி நிறுவனம் 'ஆயில் ஸாப்பர்' என்ற கலவையை உருவாக்கியது. அதில் 5 வகைப் பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றை எதில் கலந்து கொண்டுபோகிறார்கள் தெரியுமா? முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைப் பொடியாக்கி, அதில் கலக்கிறார்கள். அசாம், குஜராத் எண்ணெய் வயல்களில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பொடியைத் தூவி, சத்துகள் சேர்த்து, மண்ணைக் கிளறி, தண்ணீர் தெளிப்பார்கள். நம் உழவு வேலை போலத்தான். ஆனால் ஒரே நாளில் முடியாது. சில மாதங்கள் ஆகும்.

எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்கா கடலில் 'எக்ஸான் வால்டெஸ்' என்ற கப்பல் பாறையில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. கரையில் உரம் தெளித்தார்கள். தெளித்த இடத்தில் இரண்டு வாரத்தில் கற்கள் வெளுத்தன. ஆனால் 2001-ல் தோண்டிப் பார்த்தபோது, பல இடங்களில் கற்களுக்கு அடியில் எண்ணெய் அப்படியே இருந்தது. அங்கே காற்று போகவில்லை. தின்னும் வேலையும் நடக்கவில்லை.

நம் பட்டறை ஆயிலில் இன்னொரு தொல்லை உண்டு. ஓடிய என்ஜின் ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள்கள் இருக்கும். பாக்டீரியா எண்ணெயைத் தின்னும். உலோகத்தைத் தின்று அழிக்காது.

இதை வீட்டில் சொன்னேன். உடனே என் மாமா, "ஒரு மூட்டை யூரியாவைக் கிணற்றில் கொட்டிவிடலாமா?" என்றார். சிரிப்புத்தான் வந்தது. ஆனால் யாராவது செய்துவிட்டால்? வேண்டவே வேண்டாம். தண்ணீரில் நைட்ரேட் கூடும். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. காய்ச்சினாலும் போகாது. எவ்வளவு சத்து, எங்கே, எப்படி என்று மண்ணையும் நீரையும் சோதித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கிணற்று நீரில் பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை வந்தால் குடிக்காதீர்கள். அதில் சமைக்காதீர்கள். கிணற்றருகே பீடி பற்றவைக்காதீர்கள்.

நேற்றுப் பட்டறை அண்ணனைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. "ஊற்ற வேறு இடம் இல்லையே தம்பி" என்றார். பழைய ஆயிலைச் சுத்திகரிக்க வாங்கும் உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றேன். "யார் என்று விசாரித்துச் சொல். நாளையே ஒரு பீப்பாய் வைக்கிறேன்" என்றார்.

அதனால் இன்று பாடப் புத்தகம் வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம். ஆயில் வாங்குபவர்கள் யார் என்று கேட்போம். நம் கிணற்று நீரைச் சோதிக்கவும் கேட்போம். எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். கேள்வி கேட்டவர் பாட்டி. முதல் வரியை அவரே சொல்லட்டும். நான் கரும்பலகையில் எழுதுகிறேன். சொல்லுங்கள் பாட்டி.