பீரோவுக்குள் வளரும் பூஞ்சை

(நம் சங்கத்தின் சென்ற காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர் டேங்க், லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தபின் பதினைந்து நிமிடம் மீதமிருப்பதாகச் சொல்லி, செயலாளர் என்னைப் பேச அழைத்திருக்கிறார். நான் கேமரா மெக்கானிக் இல்லை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். அப்பாவின் ஃபிலிம் கேமராவைப் பூஞ்சையிலிருந்து மீட்கப் போய்க் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் இழந்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் பழைய ஃபிலிம் கேமரா இருக்கிறது? கையைத் தூக்குங்கள். பாதிப் பேருக்கு மேல்! சரி, அதைப் போன ஒரு வருடத்தில் வெளியே எடுத்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். பார்த்தீர்களா, இரண்டே கைகள்தான் மிச்சம்.

எங்கள் வீட்டில் இருந்தது பெண்டாக்ஸ் கே1000. 1984இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார். அப்பா போனபிறகு அதைத் தோல் உறையில் போட்டு, நாலு அந்துருண்டையும் வைத்து, பீரோவில் பூட்டினோம். பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தோம். பூஞ்சைக்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் நாமே சேர்த்துக் கொடுத்திருக்கிறோம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு வேண்டியவை இருட்டு, அசையாத காற்று, ஈரம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. நம் சென்னையில் மழைக்காலக் காலைகளில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சையின் விதைத்துகள்கள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. லென்ஸ்மேல் கொஞ்சம் தூசியோ விரல் எண்ணெயோ இருந்தால் போதும், முளைத்துவிடும்.

உங்கள் லென்ஸில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? லென்ஸைக் கழற்றுங்கள். அபெர்ச்சர் வளையத்தை இருப்பதிலேயே சின்ன எண்ணுக்குத் திருப்புங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து, மறுபக்கமிருந்து சற்றே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோலக் கிளை விட்ட இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் புகை படிந்ததுபோல் இருந்தால், அது பெரும்பாலும் உள்ளிருக்கும் கிரீஸின் ஆவி. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்திருக்கலாம். நாலைந்து தூசித் துகள்கள் மட்டும் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். படத்தில் அது தெரியாது.

இழைகள் வெளிக் கண்ணாடியில் இருந்தால் நீங்களே துடைக்கலாம். முதலில் ரப்பர் புளோயரால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம் என்றிருந்தால், அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்துகொள்ளுங்கள். லென்ஸ் டிஷ்யூவை அதில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடையுங்கள். திரவத்தை நேராகக் கண்ணாடிமேல் விடக் கூடாது; ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கிவிடும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். சட்டை நுனி, வேட்டி நுனி, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

இழைகள் உள்ளே இருந்தால், வளையங்களைத் திருகிக் கழற்ற லென்ஸ் ஸ்பேனர் வேண்டும். எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதும் மாறக் கூடாது. விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கடும் வெயிலில் கிரீஸ் உருகி அபெர்ச்சர் தகடுகளில் இறங்கிவிடும். அது இன்னொரு தலைவலி.

இனி நான் செய்த தவறுகளுக்கு வருகிறேன்.

முதல் தவறு, தள்ளிப்போட்டது. அப்பாவின் 50 மி.மீ. லென்ஸில் ஓரமாக இரண்டு இழைகளைப் பார்த்தேன். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மூடி வைத்தேன். மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது பாதிக் கண்ணாடி வலை. மெக்கானிக் சுத்தம் செய்து கொடுத்தார். ஆனால் நத்தை ஊர்ந்ததுபோல் தடம் அப்படியே நின்றது. பூஞ்சை அமிலத்தைச் சுரக்கும். அது முதலில் கண்ணாடிமேல் உள்ள மெல்லிய பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரிக்கும். அரித்தபின் எந்தத் திரவத்தாலும் பயனில்லை. அந்த லென்ஸில் இன்றும் படம் எடுக்கிறேன். வெயில் முதுகுப்பக்கம் இருந்தால் படம் நன்றாகவே வரும், எதிரே இருந்தால் வெளிறிப்போகும். போகட்டும், அதே லென்ஸ் வேறு ஒன்று கிடைக்கும்.

இரண்டாவது தவறுக்கு மாற்றுக் கிடையாது. அதே பீரோவின் கீழ்த்தட்டில் நெகட்டிவ் கட்டு இருந்தது. அதிலும் வெள்ளைப் புள்ளிகள். கண்ணாடியைத் துடைத்த கை அல்லவா, ஈரத்துணியை எடுத்து ஒரு நெகட்டிவைத் துடைத்தேன். படமே துணியோடு வந்துவிட்டது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கும் படம் அது. பிரிண்ட் போட்டதாக நினைவில்லை.

நெகட்டிவில் படம் இருப்பது ஜெலட்டின் என்ற புரதப் படலத்தில். பூஞ்சைக்கு அது நல்ல சாப்பாடு. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே பூஞ்சை பிடித்த நெகட்டிவில் தண்ணீர் படவே கூடாது. முதலில், தொடாமலேயே, வெளிச்சமான வெள்ளைத் திரைக்கு எதிரே பிடித்து மொபைலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு காய்ந்த இடத்தில் வைத்து உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பழைய பாலிதீன் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்யக் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனிமேல் வராமல் இருக்க வழி என்ன? பெரிய செலவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் கால் கிலோ, சின்ன ஈரப்பதமானி ஒன்று. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லாக வாங்குங்கள். நீல நிறத்தில் இருப்பதில் நச்சான கோபால்ட் உப்பு உண்டு. நிறம் மாறினால் அவனில் 120 டிகிரியில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். சமைக்கிற பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், அந்த மாவுத்தூளே பூஞ்சைக்கு உணவு. தோல் உறை தனியாக இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகும்போது கேமராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். உடனே எடுத்தால் கண்ணாடியில் வியர்க்கும்.

இதையெல்லாம்விட முக்கியம், மாதம் ஒருமுறை வெளியே எடுப்பது. ஷட்டரைத் தட்டுங்கள், வளையங்களைத் திருப்புங்கள், காற்றும் வெளிச்சமும் படட்டும். முடிந்தால் ஒரு ரோல் போட்டுப் படம் எடுங்கள். புழங்குகிற பொருளில் ஏதாவது வந்தால் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து, முதலில் நெகட்டிவ் கட்டைப் பாருங்கள், பிறகு கேமராவை. சந்தேகம் இருந்தால் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை சங்க அறைக்கு வாருங்கள். நான் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பேன். ஈரத்துணி மட்டும் கொண்டுவர வேண்டாம்.