வயலில் மிஞ்சும் உரம், கடலில் வளரும் விஷம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வயல் வேலை பார்க்கிறவங்களும் இருக்கீங்க, மட்டி பொறுக்கி விற்கிறவங்களும் இருக்கீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசுறேன்.

1981-ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 3 பேர் இறந்து போனார்கள். காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பாசியின் விஷம். மட்டி கடல் தண்ணீரை வடிகட்டி இரை எடுக்கும். அப்போது பாசியின் விஷம் அதன் சதையில் சேர்ந்துவிடும். சாப்பிடுகிற நமக்குத்தான் ஆபத்து.

விஷப்பாசி ஏன் பெருகுது? கடலில் எப்போதும் பாசி உண்டு. பெரும்பாலானவை நல்லவை, கடல் உயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. அதில் முக்கியமான ஒரு வகை, சிலிக்கா என்ற மணல்சத்தை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். தழைச்சத்து, மணிச்சத்து, சிலிக்கா மூன்றும் பொருத்தமாக இருந்தால் அது செழிக்கும்.

நாம அளவுக்கு மேலே போடுற யூரியாவும் டி.ஏ.பி.யும் மழையில் கரைந்து, வாய்க்கால், ஆறு வழியாகக் கடலுக்குப் போகுது. சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் கூடச் சேருது. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறுது, சிலிக்கா அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அப்போது சிலிக்கா தேவைப்படாத பாசிகள் முந்திக்கொள்ளும். விஷப்பாசிகளில் பல இந்த வகைதான்.

இன்னொன்றும் இருக்கு. மட்டியில் சேரும் அந்த விஷத்திலேயே தழைச்சத்து அதிகம். தழைச்சத்து மிஞ்சி மணிச்சத்து குறைந்தால், சில பாசிகளுக்குள் விஷமும் கூடுவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். உப்பு, புளி, காரம் மாதிரிதான். ஒன்று மிஞ்சினாலும் குழம்பு கெட்டுப்போகும்.

உரம் மட்டுமே காரணம் இல்லை. வெயில், காற்று, நீரோட்டம் எல்லாம் கூடி வரணும். ஆனால் நம்ம கையில் இருப்பது உரமும் கழிவும்தான்.

ஜப்பானில் செட்டோ உள்நாட்டுக் கடலில் 1976-இல் மட்டும் ஏறத்தாழ 300 முறை பாசி பெருகிக் கடல் நிறம் மாறியது. சட்டம் போட்டுக் கழிவைக் குறைத்தார்கள். பிறகு அது ஆண்டுக்கு 100 முறை என்ற அளவுக்கு இறங்கியது.

நாம் செய்ய வேண்டியவை:

1. மண் பரிசோதனை செய்து, தேவையான உரத்தை மட்டும் பல தவணையாகப் போடுங்க. மழை வரும்போல இருந்தால் போடாதீங்க.

2. கடல் நிறம் மாறினாலோ, மீன் செத்து ஒதுங்கினாலோ மட்டி எடுக்காதீங்க, விற்காதீங்க. மீன்வளத் துறைக்குச் சொல்லுங்க. நிறம் மாறாமலும் விஷம் இருக்கலாம். அதனால் துறை எச்சரித்தால் தட்டாதீங்க.

3. கொதிக்க வைத்தாலும் இந்த விஷம் போகாது. மட்டி சாப்பிட்ட பிறகு உதடு, நாக்கு மரத்துப்போனால் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஆனால் சரியான நேரத்தில் மூச்சுக்கு உதவி கிடைத்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

வர்ற குழுக் கூட்டத்தில் யார் யார் வயல் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறீங்கன்னு தீர்மான நோட்டில் எழுதிடுங்க.