கிருமி போயிற்று, மூச்சு வந்ததா?



தாம்பரத்துக்குக் காசநோய் புதிதல்ல. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கே சானடோரியத்தைத் தொடங்கினார். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் இந்நோயிலிருந்து குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. அந்தப் பெருமை நமக்கு உண்டு. அந்த உரிமையோடு கேட்கிறேன்: குணமானவர்களை நாம் திரும்பிப் பார்த்தோமா?

ஆறு மாதம் மாத்திரை. சளியில் கிருமி இல்லை. 'குணமாகிவிட்டது' என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறோம். ஆனால் முன்பு முதுகில் மூட்டையோடு மாடி ஏறியவர், இன்று வெறுங்கையோடு ஏறினாலும் பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறாரே! காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமிச் சளியைத் துப்பினால்தான் அவரால் பேசவே முடிகிறது. குணமானவர்களில் பாதிப்பேர் வரை நுரையீரல் திறன் குறைந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

காரணம் என்ன? மாத்திரை கிருமியைக் கொல்லும்; கிருமி அரித்த நுரையீரலைப் புதிதாக்காது. ஆறிய இடம் தழும்பேறிச் சுருங்குகிறது. மூச்சுக்குழாய்கள் தளர்ந்து அகன்று சளி தேங்குகிறது. சிலருக்கு, கிருமி அரித்துவிட்டுப் போன பழைய குழிக்குள் பூஞ்சை திரண்டு இருமலில் ரத்தம் வருகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பழைய தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்ததுமே, சளியைச் சோதிக்காமல், 'டிபி திரும்பிவிட்டது' என்று மறுபடியும் மாத்திரை கொடுப்பது! நோய் திரும்புவதும் உண்டுதான். அதைச் சளிப் பரிசோதனை சொல்லட்டும். ஊகம் சொல்ல வேண்டாம்.

மருத்துவர்களே, சிகிச்சை முடியும் நாளில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பாருங்கள். தேவைப்பட்டவருக்கு இன்ஹேலரும், மூச்சுப் பயிற்சியும், நிமோனியா தடுப்பூசியும் கிடைக்கட்டும். குணமானவர்களே, பீடி சிகரெட்டை அடியோடு விடுங்கள். இருமலில் ரத்தம் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டில் இருப்பவர்களே, முதலாளிகளே, மூச்சு வாங்கி உட்காருகிறவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: எத்தனை பேர் குணமானார்கள் என்று எண்ணுகிற பதிவேட்டிலேயே, எத்தனை பேர் நன்றாக மூச்சுவிடுகிறார்கள் என்பதையும் எண்ணுங்கள்.