மேடையில் ஜெயித்த பாட்டு நாடகம் படமாகலாமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் எனக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் நாடகக் குழு மாணவர்கள் சங்கரதாஸ் சுவாமிகளின் 'பவளக்கொடி'யை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி மேடையேற்றினார்கள். மூன்று இரவும் அரங்கம் நிறைந்தது. இப்போது அதைச் சினிமாவாக எடுக்கச் சங்கத்திடம் பணம் கேட்டிருக்கிறார்கள். செயற்குழுவில் இரண்டு கட்சி. "நல்லா இருக்கிறதைக் கெடுத்துடாதீங்க" என்கிறது ஒரு கட்சி. "படமா எடுத்தாத்தான் நாலு பேர் பார்ப்பாங்க" என்கிறது மற்றது. இரண்டு பக்கமும் என் நண்பர்கள். ஆகவே ஜாக்கிரதையாகப் பேசுகிறேன். ஆனால் மழுப்ப மாட்டேன்.

முதலில் படம் வேண்டும் என்பவர்களின் நியாயத்தைப் பார்ப்போம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் காலமானபோது அவருக்கு வயது 27. தமிழ் நாடக மேடையையே தன் குரலால் ஆண்டவர். இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை சில கிராமபோன் இசைத்தட்டுகள். அவர் எப்படி நின்றார், எதிரே கே.பி. சுந்தராம்பாள் பாடும்போது எப்படிப் பதில் கொடுத்தார், சபை எப்படி ஆர்ப்பரித்தது - இவற்றைப் பார்க்க நமக்கு வழியே இல்லை. மேடைக் கலை அன்றைக்கே பிறந்து அன்றைக்கே மறைவது. அதைப் பிடித்து வைக்க ஆசைப்படுவதில் தப்பே கிடையாது.

அதுமட்டுமல்ல. நியூயார்க் பிராட்வே அரங்கில் உட்கார்ந்து 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கதையும் மெட்டும் நம்மில் பலருக்குத் தெரியும். காரணம் 1965இல் வந்த படம். மேடை ஓர் ஊரில் நிற்கும். படம் ஊர் ஊராகப் போகும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மாணவர்கள் கேட்பது புதுசு அல்ல. 'பவளக்கொடி' 1934லேயே படமாகிவிட்டது. கே. சுப்பிரமணியத்துக்கு அதுதான் இயக்குநராக முதல் படம், எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் முதல் படம். மேடையில் பேர் வாங்கிய பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையுமே படத்திலும் ஜோடியாக்கினார்கள். பாட்டு மட்டும் ஏறக்குறைய ஐம்பது! பின்னணி பாடும் வசதி வராத காலம். காமிராவுக்கு முன்னால் நடிகரே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கண்ணில் படாமல் ஒளிந்து வாசிக்க வேண்டும். நடுவில் காக்கை கத்தினால் போச்சு.

நம் சினிமா பிறந்த வீடே இசை நாடகம்தான். அதனால்தான் கதாநாயகன் திடீரென்று பாட ஆரம்பித்தால் "ஏன்யா பாடுற?" என்று நாம் கேட்பதில்லை. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாடிக்கொண்டே நுழைவதைப் பார்த்துப் பழகிய சபை, கொட்டகையிலும் அதே மனசோடு உட்கார்ந்தது.

அப்படியானால் எடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மேடையில் நம் மாணவர்கள் ஒரு சிவப்புத் துணியைக் குறுக்கே கட்டி, இது பவளத்தீவு என்றார்கள். நாம் ஒப்புக்கொண்டோம். வள்ளி திருமணத்தில் வள்ளி ஒரு பெஞ்சின் மேல் ஏறி ஆலோலம் பாடினால் அது பரண், சுற்றிலும் தினைப்புனம். இது நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் உள்ள ஓர் உடன்பாடு. காமிரா இந்த உடன்பாட்டில் கையெழுத்துப் போடாது. "தீவு என்றாயே, கடல் எங்கே?" என்று கேட்கும்.

இதை மறந்தவர்கள் பெரிய இடத்திலேயே அடி வாங்கியிருக்கிறார்கள். 'கேட்ஸ்' என்ற பூனை நாடகம் 1981இல் லண்டனில் தொடங்கி அங்கே 21 ஆண்டு ஓடியது. மேடையில் உடம்போடு ஒட்டிய உடையும் முகத்தில் சாயமும் பூசிய மனிதர்களைப் பூனை என்று ஜனங்கள் நம்பினார்கள். 2019இல் படமாக்கியபோது கம்ப்யூட்டரால் நடிகர்கள் உடம்பில் நிஜ ரோமம் முளைக்க வைத்தார்கள். நம்பிக்கை வரவில்லை, கூச்சம்தான் வந்தது. படம் வெளியான பிறகும் திருத்திய பிரதியைத் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். பயனில்லை.

'எ கோரஸ் லைன்' 1975இல் தொடங்கி பிராட்வேயில் 15 ஆண்டு, 6,137 காட்சிகள் நடந்தது. வெறும் மேடையில் வாய்ப்புக்காக வரிசையில் நிற்கும் நடனக்காரர்கள். இருட்டிலிருந்து கேள்வி கேட்கும் ஒரு டைரக்டர். அதே இருட்டில்தான் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். உயிரே அதில்தான். 'காந்தி' எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ 1985இல் இதைப் படமாக்கினார். அவர் திறமையில் யாருக்குச் சந்தேகம்? ஆனாலும் அந்த இருட்டைத் திரைக்குக் கொண்டுவர முடியவில்லை. படம் தோற்றது.

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்? துணிந்து கை வைத்தார்கள். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் நாடகத்தின் மூன்று பாட்டுகளை நீக்கினார்கள். இரண்டு புதுப் பாட்டு சேர்த்தார்கள். பாட்டெழுதிய ஹாமர்ஸ்டைன் 1960இலேயே மறைந்துவிட்டதால் இசையமைத்த ராட்ஜர்ஸே வரிகளையும் எழுதினார். படம் ஆல்ப்ஸ் மலைக்கு மேலேயிருந்து தொடங்குகிறது. மேடை தர முடியாததைத்தான் முதலில் தந்தார்கள்.

'கேபரே' இன்னும் துணிச்சல். 1966 நாடகம், 1972 படம், எட்டு ஆஸ்கார். நாடகத்தில் பாத்திரங்கள் வீட்டிலும் பாடும். டைரக்டர் பாப் ஃபாஸி அவற்றை எடுத்துவிட்டு, பாட்டையெல்லாம் பெர்லின் நகரத்து இரவு விடுதியின் மேடைக்குள்ளேயே வைத்துவிட்டார். வெளியே பாடப்படுவது ஒன்றே ஒன்று. ஒரு தோட்ட விடுதியில், பட்டப்பகலில், நாஜிச் சீருடைப் பையன் ஒருவன் பாடுகிறான். சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்துகொள்கிறார்கள். வயிற்றைக் கலக்கும். அந்த ஒரு பாட்டுக்காகவே மற்றவற்றை உள்ளே அடைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரியும்.

'கேட்ஸ்' எடுத்த டாம் ஹூப்பரே 2012இல் 'லே மிசரபிள்' எடுத்து வெற்றி பெற்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் நடிகர்களைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாட வைத்தார். 1934இல் நம்மவர்கள் வேறு வழியில்லாமல் செய்ததை அவர் விரும்பிச் செய்தார்! காமிரா முகத்துக்குப் பக்கத்தில் போனது. மேடையில் கடைசி வரிசைக்குத் தெரியாத விம்மல் தெரிந்தது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 'ஹாமில்டன்' நாடகத்தை 2016 ஜூனில், முதல் நடிகர்கள் கலைவதற்கு முன்பே, அதே அரங்கில் சபையோரோடு படம் பிடித்தார்கள். நெருக்கமான காட்சிகளைச் சபை இல்லாதபோது தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். 2020இல் வீட்டுத் திரைக்கு வந்தது. அது சினிமா என்று வேஷம் போடவில்லை. நாடகம் நாடகமாகவே வந்தது.

படம் வந்தால் மேடை செத்துவிடுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். 'சிகாகோ' 2002இல் படமாகிச் சிறந்த படத்துக்கான ஆஸ்காரும் வாங்கியது. 1996இல் மறுபடி தொடங்கிய நாடகமோ, படம் வந்து இருபது ஆண்டு கழிந்தும் பிராட்வேயில் ஓடியது. நம்மூரைப் பாருங்கள். 'வள்ளி திருமணம்' 1933இல் படமாக வந்தது. அந்தப் படத்தை இன்று யார் நினைக்கிறார்கள்? ஆனால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாதிரி போகும். மேடையைக் காப்பாற்றுவது ஆடுகிறவர்கள்தான். ஆடாமல் விட்டால்தான் சாகும்.

ஆக, என் கட்சி இதுதான். மேடை வெற்றி, படம் எடுப்பதற்குக் காரணம் ஆகாது, தடையும் ஆகாது. காமிராவால் மட்டும் சொல்லக்கூடியது ஒன்று கையில் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் நாடகத்தை நாடகமாகவே பதிவு செய்யலாம். பாதி மேடை, பாதி சினிமா என்று இரண்டும் கெட்டானாக எடுக்கக் கூடாது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, இந்த வருஷம் உங்கள் குழு கலைவதற்குள் மூன்று காமிரா வைத்து நாடகத்தைச் சபையோடு பதிவு செய்யுங்கள். ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் தனி மைக் வையுங்கள், கைதட்டலை வெட்டாதீர்கள். இரண்டு, அதற்குப் பிறகும் படம் எடுக்கத் தோன்றினால், புதிதாகத் திரைக்கதை எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தப் பாட்டை விடுகிறீர்கள், ஏன் விடுகிறீர்கள் என்று அதில் இருக்கட்டும். மூன்று, பவளக்கொடியாகப் பாடிய அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வேறு முகம் தேடாதீர்கள். 'மை ஃபேர் லேடி' 1964இல் படமானபோது மேடையில் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டு நட்சத்திரத்தைப் போட்டார்கள். பாட்டுக்கு வேறொருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் சிறந்த நடிகை ஆஸ்கார், வேறு படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸுக்கே போனது!

செயற்குழு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுச் செலவை இன்றே ஒப்புக்கொள்ளுங்கள்; அது பெரிய தொகை அல்ல. படத்துக்கான பணம், திரைக்கதையைப் படித்த பிறகு. இந்த வருஷம் பாடுகிற பிள்ளைகள் அடுத்த வருஷம் வேலைக்குப் போய்விடுவார்கள். குரல் நமக்காகக் காத்திருக்காது.