கணினிக் காவற் கல்வி

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முதுமொழி. கணினி வலையமைப்புகளைக் காக்கும் கல்விக்கும் இதுவே அடிப்படை. அக்கல்விக்கு இரு கூறுகள் உண்டு. வலையமைப்பிலுள்ள பலவீனங்களைத் தேடியறிதல் ஒன்று. தாக்குதல் நேர்ந்தபோது செய்யவேண்டியதைக் கலங்காது செய்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஏட்டளவில் நின்றுவிட்டால் விளையும் இடரை 2017ஆம் ஆண்டில் உலகம் கண்டது.

அவ்வாண்டு மார்ச் 14ஆந் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது வின்டோஸ் மென்பொருளிலிருந்த குறையொன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. 59 நாட்கள் கழிந்தன. மே 12ஆந் திகதி, 'வனாக்ரை' எனப்பட்ட தீங்குநிரல் அதே குறையின் வழியே உலகெங்கும் புகுந்தது. கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவிக் கோப்புகளைப் பூட்டி, அவற்றைத் திறக்க 300 டொலர் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் வைத்தியசாலைகளை நடத்தும் 236 அமைப்புகளுள் 81க்குக் குறையாதவை பாதிப்புற்றன. ஆயிரக்கணக்கான நோயாளருக்குக் குறித்த சிகிச்சை நாட்கள் இரத்தாயின.

அங்கே சோதனை நடைபெறாமல் இல்லை. முன்னரே 88 அமைப்புகள் நேரிற் சோதிக்கப்பட்டன, ஒன்றேனும் தேறவில்லை. மார்ச், ஏப்பிரல் மாதங்களில் எச்சரிக்கைகளும் அனுப்பப்பட்டன. தாக்குதலை எதிர்கொள்ளும் திட்டமும் எழுத்தில் இருந்தது. ஆயின், உள்ளூர் மட்டத்தில் ஒத்திகை பார்க்கப்படவில்லை. ஆதலால், முன்னின்று நடத்துபவர் யார் என்பதே உடனடியாகத் தெளிவாகவில்லை. மின்னஞ்சல் தடைப்படவே, சிலர் கைத்தொலைபேசிகளாற் செய்தி பரிமாறினர்.

இக்கல்வியை நாடும் மாணவர் முதலிற் கற்கவேண்டியது, வலையமைப்பிலுள்ள கணினிகளையும் மென்பொருள்களையும் இடாப்பில் எழுதுவதாகும். இருப்பதை அறியாதவர் காப்பது எங்ஙனம்? சோதனைக் கருவி நூற்றுக்கணக்கான குறைகளைக் காட்டக்கூடும். மெய்யானது எது, பொய் அறிகுறி எது, முதலில் அடைக்கவேண்டியது எது எனப் பகுத்தறிதல் கருவியின் வேலையன்று, கற்றவரின் வேலை. அடைத்தபின் மீளவும் சோதித்தல் வேண்டும். அனுமதியின்றிப் பிறர் வலையமைப்பைச் சோதித்தல் பல நாடுகளிற் குற்றம். ஆதலின், பயிற்சிக்கெனத் தனியே அமைத்த கணினிகளிலேயே பழகுதல் தகும்.

தாக்குதல் நேர்ந்தாலோ, அதனை இனங்காணல், பாதிப்புற்ற கணினிகளைப் பிரித்துவைத்தல், தடயங்களைப் பேணல், தீங்குநிரலை அகற்றல், முன்னரே சேமித்த பிரதிகளிலிருந்து மீட்டல், நடந்ததை ஆராய்ந்து எழுதிவைத்தல் என்பன முறை. இம்முறையை மனனஞ் செய்தாற் போதாது. குழுவாகக் கூடிப் பலமுறை செய்து பார்த்தல் வேண்டும். தீயணைக்கும் பயிற்சி, தீ மூண்டபின் பெறத்தக்கதன்று.